பியானோவுக்குப் போட்ட எண்ணெய்

உங்கள் வீட்டில் ஹார்பர் வேலைக்குப் போன அப்பாவோ அண்ணனோ இருந்திருந்தால், கிரேனுக்கு எண்ணெய் போடும் கேனைப் பார்த்திருப்பீர்கள். அடி அகலமாக இருக்கும், மேலே போகப் போகக் கூம்பும், மூக்கு மட்டும் ஒரு முழத்துக்கு நீண்டு வளைந்திருக்கும். அடியைக் கட்டைவிரலால் அமுக்கினால் ‘டொக்’கென்று சத்தம் வரும், மூக்கு நுனியில் ஒரு சொட்டு வந்து நிற்கும். நாம் சேர்ந்து உட்காரும்போது நீங்கள் எல்லாரும் சின்ன வயதுக் கதை சொல்கிறீர்கள். என் முறை வந்தால் ‘எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை’ என்று சிரித்துச் சமாளித்துவிடுவேன். ஞாபகம் இருக்கிறது. நாலு பேர் என் முகத்தைப் பார்த்தால் பேச வராது, அவ்வளவுதான். ஐந்தாவது வரை படித்ததில் எழுத மட்டும் வருகிறது. எழுதித் தருகிறேன். யாராவது வாசியுங்கள். வாசிக்கும்போது நான் அங்கே இருக்க மாட்டேன்.

இப்போது மணலி புதுநகரில் இருக்கிறேன். அப்போது ராயபுரம். ஐந்தாவது முடித்ததும் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். என்னோடு படித்தவர்கள் வேறு பள்ளிக்கூடத்துக்கு நீலப் பாவாடை கட்டிக்கொண்டு போனார்கள். அவர்கள் போகும் நேரத்தில் நான் தெருவில் நிற்க மாட்டேன். அம்மா வேலை செய்யும் வீட்டுக்கு அம்மாவோடு போய்விடுவேன்.

அது தொரசாணி வீடு. வெள்ளைக்காரி என்று நினைக்காதீர்கள். நம்மைவிட ஒரு பிடி நிறம் கூட, அவ்வளவுதான். கவுன் போடுவார், இங்கிலீஷ் பேசுவார், அதனால் தெருவுக்கே அவர் தொரசாணி. அவருடைய அப்பா கப்பல்களுக்கு வழி காட்டித் துறைமுகத்துக்குள் கொண்டுவரும் வேலையில் இருந்தவராம். மகளுக்காகக் கப்பலில் ஒரு பெரிய பியானோ வரவழைத்திருக்கிறார். கறுப்பாக, மூன்று காலோடு, மூடியைத் திறந்தால் ஒரு பக்கம் தூக்கி நிற்குமே, அந்த மாதிரி. முன்னறையில் அது நின்றால் வேறு எதுவும் நிற்க முடியாது. நாற்காலியெல்லாம் சுவரோடு ஒண்டிக் கிடக்கும்.

சுவர் முழுக்கப் படங்கள். பத்தொன்பது வயதில் லண்டனுக்குப் போய்ப் படித்தவர். பிறகு கல்கத்தாவில், பம்பாயில், கொழும்பில், ரங்கூனில், பெரிய பெரிய மண்டபங்களில் வாசித்திருக்கிறார். எல்லாப் படத்திலும் தரையைத் தொடும் கறுப்பு கவுன். எல்லாப் படத்திலும் முகம் பக்கவாட்டில்தான் தெரியும். பியானோ வாசிப்பவர் ஜனங்களைப் பார்த்து உட்காருவதில்லை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது. ஆயிரம் பேர் இருந்தாலும் யாரையும் பார்க்க வேண்டாம் என்றால் நான்கூட மேடை ஏறுவேன் என்று நினைத்துக்கொள்வேன்.

நல்ல பெயர் வந்துகொண்டிருந்த நேரத்தில் அவருடைய அம்மாவுக்குக் கை கால் விழுந்துவிட்டது. ஆறு மாதம் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று வந்தவர், பதினோரு வருஷம் பார்த்தார். அம்மா கண் மூடியபோது, வாசிக்கக் கூப்பிடும் கடிதங்கள் நின்று போயிருந்தன. அண்ணன் தம்பி எல்லாரும் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார்கள். நான் பார்த்த காலத்தில் அவருக்கு ஐம்பது இருக்கும். வருஷத்தில் இரண்டு முறை டவுனில் ஒரு ஹாலில் வாசிப்பார். மிச்ச நாளெல்லாம் வீட்டில் பழகுவார். காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம்.

கையை அவர் பாதுகாத்த மாதிரி நான் யாரையும் பார்த்ததில்லை. வாளி தூக்க மாட்டார். வெங்காயம் நறுக்க மாட்டார். பனிக் காலத்தில் வெந்நீரில் கையை ஊற வைத்துவிட்டுத்தான் உட்காருவார். “தொரசாணிம்மா கையி கொயந்த மாதிரி”, என்று அம்மா சொல்லும். “நம்ம கையி பாரு, பாறாங்கல்லு.”

பழகுவதென்றால் பாட்டு முழுதாக வரும் என்று நினைக்காதீர்கள். ஒரே துண்டை எடுத்துக்கொள்வார். அதையே ஐம்பது தடவை, நூறு தடவை. மீன்கூடைக்காரம்மா வாசலில் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்கும்: “இன்னா தொரசாணி, எட்டாம் வாய்ப்பாடே இன்னும் வர்லியா? இன்னிக்காச்சும் ஒம்பதாம் வாய்ப்பாட்டுக்குப் போவியா, மாட்டியா?” தொரசாணிக்கு அது புரியும். வாசிப்பதை நிறுத்தாமலே, “நாளைக்குப் போறேன், நீ மீன் குடு மேன்!” என்று உள்ளேயிருந்து கத்துவார். ஆணோ பெண்ணோ, அவருக்கு எல்லாரும் ‘மேன்’தான்.

என் இடம் முன்னறைக் கதவுக்குப் பின்னால். கையில் தூசி துணி இருக்கும். செருப்பில்லாத காலில் தரை வழியாகச் சத்தம் ஏறும். தடித்த கம்பிகள் பாடினால் குதிகாலில் தெரியும். மெல்லிய கம்பிகள் காதோடு நின்றுவிடும். யாரும் சொல்லித்தராமல் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மாதத்தில் ஒரே ஒரு நாள்தான் பாட்டு முழுதாகக் கேட்கும். முதல் புதன்கிழமை. அன்றைக்குத்தான் வண்ணாரப்பேட்டையிலிருந்து பாய் வருவார். பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவர். சைக்கிளில் தோல் பை தொங்கும். மூடியைத் திறந்து, கம்பி சுற்றியிருக்கும் ஆணிகளை ஒரு சாவி போட்டு மயிரிழை மயிரிழையாகத் திருப்புவார். இரண்டு பல் உள்ள ஒரு இரும்புக் கவை வைத்திருப்பார். ஃபோர்க் என்பார். அதை முட்டியில் தட்டிக் காதில் வைத்துக் கேட்பார், பிறகு கட்டையைத் தட்டுவார். காலை முழுக்க அந்த வேலை. முடிந்ததும் தொரசாணி உட்கார்ந்து, ஒரு பாட்டை முதலிலிருந்து கடைசி வரைக்கும் வாசிப்பார். பாய் கதவோரமாக, ஒரு கையால் மறுகை மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி நிற்பார்.

“எப்படி, பாய்?”

“எல்லாம் சரியா கீது மேடம். மேல அந்த மூணாவது கட்ட மட்டும் கொஞ்சம் வெக்கப்படுது.”

“அது என்னைப் பாத்தா வெக்கப்படுது. உன்னைப் பாத்தா இல்லை.”

அப்புறம் தொரசாணி சிரிப்பார். மாதத்தில் அந்த ஒரு சிரிப்புதான் நான் கேட்டது. பாய்க்கு டீ கப் அண்ட் சாசரில்தான் கொடுக்க வேண்டும். அது தொரசாணி போட்ட சட்டம். அம்மாவுக்கு அது பிடிக்காது. “ரிப்பேருக்கு வர ஆளுக்கு சாசர் இன்னாத்துக்கு? லோட்டாவுல குட்ச்சா எறங்காதா?” என்று சமையலறையில் முணுமுணுக்கும்.

அந்த வருஷம் ஐப்பசி மழை தொடங்கின சமயத்தில் தொரசாணிக்கு ஒரு கடிதம் வந்தது. வெளிநாட்டிலிருந்து நாற்பது பேர் கொண்ட ஒரு வாத்தியக் குழு வருகிறதாம். ஐந்து ஊரில் வாசிக்கப் போகிறார்களாம். அவர்களோடு சேர்ந்து பியானோ வாசிக்க இங்கே ஒரு ஆள் வேண்டுமாம். குழுவின் தலைவர் கிறிஸ்துமஸுக்கு முன்னால் நேரிலே வந்து, தொரசாணி வீட்டுப் பியானோவிலேயே அவர் வாசிப்பதைக் கேட்டு முடிவு செய்வார். தொரசாணி சமையலறை வாசலுக்கு வந்து இதை அம்மாவிடம் சொன்னார். சொல்ல வேறு ஆள் இல்லை.

“அஞ்சு ஊர், ஆயா. கல்கத்தாவும் இருக்கு. இது போனா எனக்கு இனிமே ஒண்ணும் இல்லை.”

“கெடைக்கும்மா. ஒனக்குக் கெடைக்காம வேற யாருக்குக் கெடைக்கும்?” என்றது அம்மா. பருப்பு பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னது.

டிசம்பர் முதல் புதன்கிழமை பாய் வந்து மூடியைத் திறந்தவர் உச்சுக் கொட்டினார். “கடலு உள்ள வந்துட்டுது மேடம். பாருங்க, ஆணி பூரா துரு. இரும்பு அழுவுது.”

“தாங்குமா? அவங்க வர வரைக்கும்?”

“தாங்கும். நா தாங்க வெக்கிறேன்.”

நான் கதவுக்குப் பின்னால் இருந்து எட்டிப் பார்த்தேன். ஆணிகளின் தலையெல்லாம் செம்மண் தடவினது போல இருந்தது.

எங்கள் நைனா ஹார்பரில் கிரேனுக்கு எண்ணெய் போடும் வேலையில் இருந்தார். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு உலகத்தில் இருந்த ஒரே மருந்து எண்ணெய். கதவு கத்தினால் எண்ணெய், பம்பு அடிக்க வராவிட்டால் எண்ணெய், பக்கத்து வீட்டு ரிக்‌ஷா சக்கரம் முனகினால் எண்ணெய். ரேஷன் கடை ஷட்டர் சிக்கிக்கொண்டால்கூட அவரைத்தான் கூப்பிடுவார்கள். கேனைத் தூக்கிக்கொண்டு ராஜா மாதிரி போவார். “நா ஒரு நாளு ஊத்தலேன்னா கப்பல்லேர்ந்து சரக்கே எறங்காது, தெர்தா?” என்பார்.

அன்றைக்குச் சாப்பிடும்போது கேட்டேன். “நைனா, துரு புட்ச்ச ஆணிக்கு எண்ணெ போட்டா நல்லாய்டுமா?”

“இன்னா கேள்வி கேக்குறா பாரு! அப்பத்தான் பொறந்த கொயந்த மாதிரி ஆயிடும். இரும்பு வாயத் தொறந்து கேக்காதும்மே. நாமதான் பாத்து ஊத்தணும்.”

நான் எதற்கு இதைக் கேட்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். என்னிடம் யாராவது இரண்டாவது கேள்வி கேட்டால் நான் சொல்லிவிடுவேன். யாரும் கேட்பதில்லை.

அடுத்த நாள் மத்தியானம் தொரசாணி சர்ச்சுக்குப் போனார். கிறிஸ்துமஸ் பாட்டுக்கு அங்கே பிள்ளைகள் பழகுவார்கள். அம்மா கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தது. நான் வீட்டிலிருந்து காய்கறிப் பையில் கேனை மறைத்துக் கொண்டுவந்திருந்தேன். பாய் செய்வதைப் பார்த்துப் பார்த்து, மூடியின் முன்பக்கத்தை மட்டும் மடித்துத் திறக்க எனக்குத் தெரியும். முக்காலி மேல் ஏறி நின்றேன். ஆணிகள் காலைப் பிரேயரில் நிற்கும் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டு. டொக். அடுத்தது. டொக். இருநூறு வரை எண்ணினேன். அதற்கு மேல் எண்ணாமலே போட்டேன். எண்ணெய் ஆணியைச் சுற்றி ஒரு நிமிஷம் நின்று, பிறகு மரத்துக்குள் இறங்கிக் காணாமல் போனது. பாவம், எத்தனை நாள் தாகமோ என்று நினைத்துக்கொண்டேன். பாவாடை ஓரத்தால் ஒவ்வொரு தலையையும் துடைத்தேன். செம்மண் போய்க் கறுப்பு மினுமினுத்தது. என் வாழ்நாளில் நான் அவ்வளவு கவனமாக ஒரு வேலையும் செய்ததில்லை. கல்யாணத்துக்குப் பிறகு எத்தனையோ வேலை செய்திருக்கிறேன், அந்த மத்தியானம் மாதிரி ஒன்று இல்லை.

தொரசாணி பார்ப்பார், ‘யார் செய்தது?’ என்று கேட்பார், அம்மா என்னை முன்னே தள்ளும் என்று காத்திருந்தேன்.

மூன்றாம் நாள் அவர் பழகும்போது பாதியில் நிறுத்தினார். ஒரே கட்டையை மறுபடி மறுபடி தட்டினார். “ஆயா, யாராவது கடல் பக்கத்து ஜன்னலைத் திறந்தாங்களா?”

“இல்லியேம்மா.”

பாய்க்கு ஆள் அனுப்பினார்கள். வந்தார், எல்லாவற்றையும் திருப்பிச் சேர்த்துவிட்டுப் போனார். சாயங்காலத்துக்குள் சுருதி இறங்கிவிட்டது. மறுநாள் மறுபடி வந்தார். இந்த முறை சாவியைப் போட்டுத் திருப்பியவர், கையை எடுத்ததும் ஆணி தானே பின்னால் போவதைப் பார்த்தார். உங்களுக்கும் புரிய வேண்டும் என்று சொல்கிறேன், எனக்கே வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. கிரேனில் இரும்பும் இரும்பும் உரசும். அங்கே எண்ணெய் வேண்டும். பியானோவில் ஆணி மரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பதால்தான் கம்பி நிற்கிறது. அங்கே வழுக்கக் கூடாது. வழுக்கினால் எல்லாம் போயிற்று. மரம் குடித்த எண்ணெயைத் திரும்ப எடுக்கவும் முடியாது.

பாய் கட்டைவிரலால் ஒரு ஆணியைத் தேய்த்தார். விரலை மூக்கருகே கொண்டு போனார். அப்புறம் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். தொரசாணியை இல்லை. கதவுப் பக்கம், என்னை. முகத்தைப் பார்க்கவில்லை, என் பாவாடை ஓரத்தைப் பார்த்தார். எத்தனை துவைத்தும் போகாத கறுப்புக் கறை அங்கே இருந்தது.

“தாங்க வெக்கிறேன்னு சொன்னே, பாய்!” தொரசாணி குரல் உடைந்து வந்தது. “இன்னும் நாலு நாள்!”

“சொன்னேன் மேடம்.”

“இப்போ என்ன ஆச்சு?”

பாய் கைக்குட்டையை எடுத்து விரலைத் துடைத்தார். துடைத்த பக்கம் உள்ளே போகும்படி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். “என் கை தப்பு மேடம். வயசாயிப் போச்சி. பதம் தெரியாம முறுக்கிட்டேன்.”

அம்மா டீயோடு வாசலில் நின்றுகொண்டிருந்தது.

“இருபது வருஷம்”, என்றார் தொரசாணி. “என் காதை நம்பாம உன் காதை நம்பினேன்.” “நீ போ. இனிமே வரவேண்டாம்.”

பாய் சாமான்களைப் பையில் போட்டார். ஒவ்வொன்றாக, அதனதன் இடத்தில். மழையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார், ஏறவில்லை. ஃபோர்க்கை மட்டும் பியானோ மேல் மறந்து வைத்துவிட்டார். மறந்தாரா என்று எனக்கு இப்போது சந்தேகம்.

எண்ணெய் என்ற சொல்லை அவர் சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே அம்மாவுக்கு வேலை போயிருக்கும். அது ஹார்பர் எண்ணெய், வீட்டுக்கு எடுத்துவரக் கூடாதது. நைனாவுக்கும் போயிருக்கும். இதெல்லாம் எனக்கு இப்போதுதான் தெரிகிறது. அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. யாரும் என்னைக் கேட்கவில்லை. அதில் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அதை எழுதாமல் விட்டால் இந்தக் கதையில் பொய் இருக்கும்.

மவுண்ட் ரோட்டிலிருந்து டை கட்டிய இன்னொரு சுருதிக்காரர் வந்தார். பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார். “யாரோ எண்ணெய் ஊத்தியிருக்கான் மேடம். சில சோம்பேறிங்க ஆணி லேசா திரும்பணும்னு இப்படிச் செய்வாங்க. இதுக்கு முன்னாடி யார் பார்த்தது?”

தொரசாணி உட்கார்ந்துவிட்டார். “பாய் அப்படிச் செய்ய மாட்டான்”, என்றார். பிறகு, யாரிடமும் இல்லாமல், “கை தப்புன்னு அவனே சொன்னானே”, என்றார்.

என்னைக் காப்பாற்றப் பாய் சொன்ன பொய் அவர் மேலேயே திரும்பி விழுந்தது. அம்மா சமையலறையில், “பாத்தியா, நா அப்பவே சொன்னேன். சாசரு, கப்பு, மரியாத. எப்டி ஆப்பு வெச்சான் பாரு”, என்றது. அம்மா கெட்டவள் இல்லை. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். தெரிந்த ஒருத்தி பக்கத்திலேயே அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டு இருந்தாள்.

புதியவர் மிக மோசமான ஆணிகளை மட்டும் கழற்றி, உப்புத்தாள் சுற்றி இறுக்கிவிட்டார். “மழை இல்லேன்னா நாலு நாள் நிக்கும்”, என்று சொல்லிப் போனார்.

மழை விடவில்லை. அந்த நாளும் வந்தது. பெட்டியிலிருந்து கறுப்பு கவுன் வெளியே வந்தது. வீடு முழுக்க ரசகற்பூர வாசனை. அம்மா மூன்று தடவை இஸ்திரி போட்டது. வெள்ளைக்காரத் தலைவர் குடையை மடக்கிக்கொண்டு வந்தார். உயரமான ஆள், பல் தெரியச் சிரித்தார். டவுன் இசைச் சங்கத்துச் செயலாளர் கூடவே வந்தார். நான் என் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

முதல் பாட்டு நன்றாக நின்றது. பாய் கண்மூடி நின்ற இடத்தில் யாரும் இல்லை என்பதைத் தவிர எல்லாம் புதன்கிழமை மாதிரியே இருந்தது. இரண்டாவது நீளமான பாட்டு. பாதிக்கு மேல், மேலே உள்ள மெல்லிய கம்பிகள் ஒவ்வொன்றாக நழுவத் தொடங்கின. ஒரு நல்ல கட்டை, ஒரு கெட்ட கட்டை. சோற்றில் கல் கடிபடுவது மாதிரி. தொரசாணி நிறுத்தவில்லை. எனக்கு அவருடைய பக்கவாட்டு முகம் மட்டும் தெரிந்தது, சுவரில் இருந்த படங்களில் போலவே. அது அசையவே இல்லை. வந்தவர் ஜன்னல் வழியாக மழையைப் பார்க்க ஆரம்பித்தார்.

முடிந்ததும் கை தட்டினார். இரண்டு துண்டு கேக் சாப்பிட்டார். தொரசாணியின் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தார். பியானோவைப் பற்றி அவரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. கல்கத்தாவிலிருந்து வேறு யாரையோ எடுத்துக்கொண்டதாகப் பண்டிகைக்குப் பிறகு தெரிந்தது.

அவர்கள் போனதும் நான் கப்புகளை எடுக்கப் போனேன். தொரசாணி கவுனோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

“பேபி. நீ கேட்டியா?”

தலையை ஆட்டினேன்.

“எங்கே?”

கையை மேலே காட்டினேன். மெல்லிய கம்பிகள் பக்கம்.

அவர் என்னைப் பார்த்தார். அந்த வீட்டில் என்னை ஒரு ஆளாக யாராவது பார்த்தது அன்றைக்குத்தான். “கேட்டிருக்கே”, என்றார். “இங்க்லீஷ் தெரியாது, ஒண்ணும் தெரியாது. கேட்டிருக்கே.”

நான் சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான். கையில் நாலு கப் இருந்தது. அவை ஒன்றோடு ஒன்று இடிக்காமல் பார்த்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன்.

அதற்குப் பிறகு அவர் பழகவில்லை. முதலில் காலை நின்றது, பிறகு மாலை. மீன்கூடைக்காரம்மா வாசலில் நின்று, “இன்னா தொரசாணி, வாய்ப்பாடு முட்ஞ்சிபோச்சா?” என்று கேட்டது. உள்ளேயிருந்து பதில் வரவில்லை. அந்தம்மா கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, அன்றைக்கு விலைகூடச் சொல்லாமல் போய்விட்டது. முதல் புதன்கிழமைகளில் அம்மா பழக்கத்தில் டீத்தண்ணி கூடுதலாக வைத்துவிடும். பிறகு தானே குடிக்கும், லோட்டாவில். ஒரு நாள் கதவிடுக்கில் பார்த்தேன். மூடின பியானோ முன்னால் தொரசாணி உட்கார்ந்து, பாய் விட்டுப்போன ஃபோர்க்கை முட்டியில் தட்டி, காதில் வைத்துக்கொண்டிருந்தார். சத்தம் அடங்கினதும் மறுபடி தட்டினார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அது அவர் காதுக்குள் மட்டும் ஒலித்தது.

வெயில் காலம் வந்தபோது தம்பியிடமிருந்து கடிதம் வந்தது. தொரசாணி ஆஸ்திரேலியாவுக்குப் போவதென்று முடிவானது. பியானோவின் கால்களைக் கழற்றி, எட்டு ஆள் தூக்கிக்கொண்டு போனார்கள். எங்கே போனதோ. முன்னறை அவ்வளவு பெரியது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பேசினால் எதிரொலித்தது.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் என்னைக் கூப்பிட்டு, கைக்குட்டையில் சுற்றிய ஃபோர்க்கைக் கையில் வைத்தார். “வண்ணாரப்பேட்டை போய் இதைப் பாய்கிட்ட குடு. ‘மேடம் மன்னிச்சிட்டாங்க’ன்னு சொல்லு. அது மட்டும் சொன்னா போதும். மறக்காதே, பேபி.”

கடைக்கு அனுப்பினால் நாம் எல்லாரும் என்ன செய்வோம்? ‘கால் கிலோ துவரம்பருப்பு, நூறு கடுகு’ என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போவோம் இல்லையா? அந்த மாதிரி நானும் மேடம் மன்னிச்சிட்டாங்க, மேடம் மன்னிச்சிட்டாங்க என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே நடந்தேன். ரயில்வே கேட்டில் நின்றபோதும் சொன்னேன்.

பாய் ஒரு ஆர்மோனியக் கடையில் தரையில் உட்கார்ந்து துருத்திக்குத் தோல் ஒட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பசைக் கையைத் துடைத்தார். “தொரசாணி வூட்டுப் பொண்ணா? வாம்மா, வா. வெயில்ல நடந்தா வந்தே?”

கைக்குட்டையைக் கொடுத்தேன். பிரித்துப் பார்த்தார்.

“ஊருக்குப் போறாங்க. வெள்ளிக்கெயம. ஆஸ்திரேலியா”, என்றேன்.

“அப்டியா. நல்லது, நல்லது.” ஃபோர்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “மேடம் இன்னா சொன்னாங்க?”

வழியெல்லாம் சொன்ன வார்த்தை நாக்கு நுனியில் நின்றது. மன்னிச்சிட்டாங்க. யாரை? எதற்கு? அவர் கட்டைவிரல் அந்த இரும்பின் மேல் இருந்தது, அன்றைக்கு ஆணியைத் தேய்த்த அதே விரல். அந்த வார்த்தையை நான் சொன்னால், அவர் செய்யாததை அவர்தான் செய்தார் என்று என் வாயால் சொன்னதாக ஆகும். இப்படியெல்லாம் அப்போது யோசித்தேன் என்று சொல்ல மாட்டேன். வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

“ஒண்ணும் சொல்லல.”

“வேற ஒண்ணும் சொல்லலியா?”

தலையை ஆட்டினேன்.

“சரி”, என்றார். ஃபோர்க்கை முட்டியில் தட்டிக் காதில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார், புதன்கிழமைகளில் மூடுவது மாதிரி. சத்தம் அடங்கும் வரை திறக்கவில்லை. பிறகு என்னைப் பார்த்து, “நைனா சௌக்கியமா? இன்னும் கிரேன்லதான் கீறாரா?” என்று கேட்டார்.

நைனா என்ன வேலை செய்கிறார் என்று, விரலில் முகர்ந்த அந்த எண்ணெயைத் தவிர, அவரிடம் யாரும் சொன்னதில்லை. நான் அழ ஆரம்பித்தேன். அவர் எழுந்து பக்கத்து டீக்கடைக்குப் போய் இரண்டு பொறை ரொட்டி வாங்கிவந்து என் கையில் வைத்தார். “போம்மா. வெயில் ஏறிக்கினே போவுது. ஓரமா போ.”

திரும்பி வரும்போதும் அந்த வார்த்தை வாயிலிருந்து போகவில்லை. மேடம் மன்னிச்சிட்டாங்க, மேடம் மன்னிச்சிட்டாங்க. பொருள் வாங்காமல் திரும்புகிறவள் போல அதைச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

தொரசாணி கேட்டருகே நின்றுகொண்டிருந்தார். அவர் வாசலில் நின்று நான் பார்த்ததே இல்லை.

“பாத்தியா? குடுத்தியா?”

“குடுத்தேன்.”

“சொன்னியா?”

“சொன்னேன்.”

“பாய் என்ன சொன்னான்?”

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கையை நீட்டினேன். “இதக் குடுத்தாரு.”

அவர் ஒரு பொறையை எடுத்தார். கேட்டருகே நின்றபடியே கடித்தார், முழுதும் தின்றார். உள்ளங்கையில் விழுந்த தூளையும் ஒரு விரலால் ஒற்றி ஒற்றி எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். அவ்வளவு பத்திரமாக வைத்திருந்த விரல். அப்புறம் என்னைப் பார்க்காமல், தெருவைப் பார்த்துக் கேட்டார்:

“வேற ஒண்ணும் சொல்லலியா?”